சாட்சிக் கையெழுத்து

“வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ரிஜிஸ்டர். சாட்சிக் கையெழுத்துப் போட ரெண்டு பேரும் நேரா அங்க வந்துடுவாங்க. வீட்ல மூச்சு விடலைடி. எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்.”

மொட்டைமாடியில் நின்று மகள் தோழியிடம் போனில் பேசியது அவ்வளவுதான். துணி எடுக்கப் படியேறி வந்த கண்ணாடிக்கடைக்காரருக்கு அது போதும். காய்ந்த துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டுச் சமையலறைக்கு ஓடினார்.

“உன் பொண்ணு ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கப் போறா.”

“உங்ககிட்ட சொன்னாளா?” என்றாள் மனைவி.

“சொல்லிட்டுப் பண்ணினா அதுக்குப் பேரு வேற. இந்த வயசுல என்ன அவசரம்ங்கறேன்? நம்ம குடும்பத்துல பெரியவங்களைக் கேக்காம ஒரு கல்யாணம் நடந்திருக்கா?”

மனைவி ஒரு தரம் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். பிறகு வெங்காயம் உரிப்பதில் அவளுக்குத் திடீரென்று ரொம்ப அக்கறை வந்துவிட்டது.

“அவளையே கேட்டுடுங்களேன்.”

“கேட்டா உஷாராயிடுவா. கையும் களவுமாப் பிடிக்கணும். உங்க அண்ணனை ஸ்கூட்டரோட வரச் சொல்லு.”

வெள்ளிக்கிழமை மகள் பஸ் ஏறியதும் இவர் மைத்துனரின் ஸ்கூட்டரில் தொற்றிக்கொண்டார். மைத்துனர் வண்டியை ஓட்டினாரா, உருட்டினாரா என்று சொல்வது கஷ்டம்.

“மச்சான், கொஞ்சம் முறுக்குங்க. நத்தையெல்லாம் பின்னாடி நின்னு வழி கேக்குது.”

“பறக்காதீங்க மாப்ள. ஆகறது எப்படியும் ஆகும்.”

வழியெல்லாம் அவர் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தது இவருக்கு எரிகிற கொள்ளியில் எண்ணெய் வார்த்தது போலிருந்தது.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போன பஸ்ஸிலிருந்து மகள் இறங்கிய இடத்தில் ஒரு பழைய கட்டடம்; மாடிக்கு மாடி ஏதேதோ அலுவலகங்கள். ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷர் அவசரத்தில் தன் கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பெயர்ப்பலகை ஒவ்வொன்றும் மேகம் மாதிரி தெரிந்தது.

“ரிஜிஸ்டர் பண்ற இடம் எதுங்க?” என்று காவலாளியைக் கேட்டார்.

“மூணாவது மாடி. இப்பதான் ஒரு பொண்ணு போச்சு.”

மைத்துனர் வண்டியை நிழலில் நிறுத்தி, பூட்டி, பூட்டியதை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காத்திருந்தால் பேரன் பிறந்துவிடும் என்று இவர் மட்டும் படியேறினார். ஆனாலும் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மாடிக்கு மாடி உட்கார்ந்து உட்கார்ந்து, வெகுநேரம் கழித்துத்தான் அந்தக் கதவைத் தள்ளினார்.

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மாளும் இரண்டு அதிகாரிகளும். இந்தப் பக்கம் மகள். அவளுக்கு அருகில் ஒரு நரைத்த தலைக்காரர், ஒரு வாலிபன். இருவர் கையிலும் பேனா.

“நிறுத்துங்க. யாரும் கையெழுத்துப் போடக் கூடாது.”

“ஐயோ, அப்பா” என்று எழுந்த மகளை அந்த அம்மாள் கைகாட்டி உட்கார வைத்தார்.

“நீ இரும்மா. ஆட்சேபணைன்னு ஒருத்தர் வந்தா நாங்க கேட்டுத்தான் ஆகணும். சொல்லுங்கய்யா.”

மகள் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

“இவளுக்கு வயசு பத்தாதுங்க. இவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்குற பக்குவம் இல்ல.”

“சீக்கிரம்தான், ஒத்துக்கறோம். ஆனா நாலு வருஷ அனுபவம் இருக்கே.”

“நாலு வருஷமாவா?” கண்ணாடிக்கடைக்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“கூடவே இருந்து பார்த்தவர் இவருதான்” என்று அந்த அம்மாள் வாலிபனைக் காட்டினார். “இதுவரைக்கும் ரெண்டு முடிச்சிருக்காங்க. ரெண்டும் நல்லா நிக்குது.”

“ரெண்டா?”

“மூணாவது போன மாசம்தான் ஆரம்பிச்சாங்க. ஆத்துக்குக் குறுக்க, அறுபது மீட்டர்.”

எவ்வளவு வளர்ந்த மாப்பிள்ளையும் அறுபது மீட்டர் இருக்க மாட்டான். அங்கேதான் இவருக்குக் கணக்கு இடித்தது.

“இது… எந்த ஆபீசுங்க?”

“பொறியாளர் பதிவு மன்றம். உங்க பொண்ணு இன்னிக்குப் பதிவு பெற்ற இன்ஜினியர் ஆகறாங்க. இனிமே பாலத்தோட வரைபடத்துல இவங்களே கையெழுத்துப் போடலாம். பாலம் விழுந்தா இவங்கதான் பதில் சொல்லணும். இந்தப் பொறுப்பைத் தாங்குவாங்களான்னுதான் இவ்வளவு நேரமா நாங்களும் குடைஞ்சோம்.” அந்த அம்மாள் சிரித்தார். “தாங்குவாங்க. எங்ககிட்ட வந்ததிலேயே சின்னவங்க இவங்கதான். நீங்க மனசு வச்சா சாட்சிங்க கையெழுத்துப் போட்டுடலாம்.”

கண்ணாடிக்கடைக்காரர் தன் சட்டைப்பையிலிருந்த பேனாவையே எடுத்து நீட்டினார். அதைத் திருப்பி வாங்கவும் மறந்து வெளியே வந்தார்.

வராந்தாவில் மகளிடம் அசடு வழிந்தார். “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா.”

“போன வருஷம் டிரைவிங் டெஸ்டுக்குப் போறேன்னு சொன்னேன். நான் ஃபெயிலாகி வீட்டுக்கு வர்றதுக்குள்ள தெருவுக்கே மிட்டாய் குடுத்து முடிச்சிருந்தீங்க.”

“அது வெறும் அரை கிலோதானேம்மா.”

“அதை விடுங்கப்பா. ரிஜிஸ்டர், ரெண்டு சாட்சி, வீட்டுக்குத் தெரியாம. இவ்வளவுதானே காதுல விழுந்துச்சு? உடனே கல்யாணம்னு எப்படித் தோணுச்சு உங்களுக்கு?”

கண்ணாடிக்கடைக்காரர் இல்லாத கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனார்.

அப்போதுதான் மூச்சிரைக்க மேலே வந்து சேர்ந்த மைத்துனர் அவருக்காகச் சொன்னார்.

“எல்லாம் அனுபவம்தான்மா. எங்கப்பாவும் ஒருநாள் இப்படித்தான் படியேறி ஓடி வந்தாரு. பாவம், அவரு வர்றதுக்குள்ள உங்கப்பாவுக்கும் என் தங்கச்சிக்கும் நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டு முடிச்சிருந்தேன்.”