பாட்டில் மூங்கில்

"உங்க அண்ணன் மூங்கிலுக்கு விஷம் அடிக்கிறாரு, தெரியுமா?"

தைத்த துணியைக் கொடுக்க வந்த தையல்காரம்மா இதைச் சொன்னதும், பாட்டில்காரி கழுவிக்கொண்டிருந்த பாட்டிலை அப்படியே தொட்டியில் போட்டாள்.

பாட்டில்காரி என்பது தெரு வைத்த பெயர். வீட்டின் பின்னறையில் ஜன்னலை அடைத்து, டியூப்லைட் மாட்டி, அலமாரி அலமாரியாகக் கண்ணாடி பாட்டில்களை அடுக்கி, அதற்குள் மூங்கில் வளர்க்கிறேன் என்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? இதற்குப் பெயர் திசு வளர்ப்பு, ஒரே ஒரு கணுவிலிருந்து ஆயிரக்கணக்கில் கன்று எடுக்கலாம் என்று அவளும் சொல்லிப் பார்த்தாள். தெரு பொறுமையாகக் கேட்டுவிட்டு, பாட்டில்காரி என்றே கூப்பிட்டது.

அண்ணன் கேலி செய்யவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டான். தங்கைக்கு ஓர் ஆபீஸ் வேலை வாங்கித் தர அவன் யார் யார் வாசலிலோ பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவன். அந்த வேலையை இவள் உதறிவிட்டு வந்த அன்றைக்குத் திருப்பிக்கொண்ட முகம், அப்படியே இருந்தது.

ஆனால் மூங்கில் அவனிடம்தான் இருந்தது. அவனுடைய லாரி ஷெட்டுக்குப் பின்னால் ஒரே ஒரு புதர். முள் கிடையாது, கோணல் கிடையாது, கெட்டியான கழி. அப்படி ஒரு ரகம் சுற்றுவட்டாரத்தில் வேறெங்கும் இல்லை. அதை நம்பித்தான் அவள் வேலையை விட்டாள்.

பேசாவிட்டாலும் வெட்டுவதை அவன் தடுக்கவில்லை. அந்தப் புதரில் கணுவை வெட்டி வந்து, அலசி, தீயில் காட்டிய கத்தியால் சீவி, சத்துக்கூழ் ஊற்றிய பாட்டிலில் நடுவாள். சில நாளில் பாட்டிலுக்குள் பஞ்சு மாதிரி பூஞ்சை படரும். அறையைத் துடை துடை என்று துடைத்தாள். தலையை மூடினாள், வாயை மூடினாள். மறுபடியும் பூஞ்சை. கூடை கூடையாக அவள் தூக்கிப் போட்டதைத் தெருவே பார்த்தது. இன்னும் ஒரு தடவை பார்க்கிறேன், அதுவும் போனால் பழைய ஆபீஸில் போய்க் கெஞ்சுகிறேன் என்று கணவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள்.

அந்தக் கடைசித் தடவைக்குக் கணு வெட்டப் போனபோதுதான் ஷெட் கேட்டில் பூட்டுத் தொங்கியது. பேசாத அண்ணன் அன்றைக்குக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று பேசினான்.

"கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதே."

அவ்வளவுதான் பேச்சு. ஏன் என்று கேட்பதற்குள் உள்ளே போய்விட்டான். அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

இப்போது விஷம் வேறு.

"முதுகுல டேங்கை மாட்டிக்கிட்டு, ஏணி வச்சு ஏறி, ஒரு கிளை விடாம அடிக்கிறாரு. போன வாரமும் அடிச்சாரு. நான் கொசுவுக்காக்கும்னு நினைச்சேன்," என்றாள் தையல்காரம்மா. லாரி நிறுத்த இடம் பத்தாமல் புதரையே கருக்கப் பார்க்கிறாரோ என்றும் தன் பங்குக்கு ஒரு சந்தேகத்தைப் போட்டுவிட்டுப் போனாள்.

செடி சாவதற்குள் வெட்டியே ஆக வேண்டும். பாட்டில்காரி கத்தியையும் பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். சுவர் ஏறிக் குதிக்கவும் தயாராகப் போனவளுக்குக் கேட் திறந்தே கிடந்தது. அண்ணன் குழாயடியில் டேங்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"என் பிழைப்புல மண்ணைப் போடணும்னு முடிவே பண்ணிட்டியா அண்ணா?"

அவன் நிமிரவில்லை. "என் இடம். என் மூங்கில்."

"இதை ஆயிரமாக்கிக் காட்டறேன். உன் ஷெட் வாசல்லயே கொண்டு வந்து நடறேன், பாத்துக்கோ."

"வெட்டறதுன்னா சீக்கிரம் வெட்டு. லாரி வருது."

கண்ணில் தண்ணீர் முட்ட, கை கொண்ட மட்டும் வெட்டினாள். கிளையெல்லாம் மருந்து நாற்றம். வீட்டுக்கு வந்து நன்றாக அலசி நட்டாள். அழுகை வரும்போதெல்லாம் இன்னொரு பாட்டிலை எடுத்தாள்.

இந்தத் தடவை பூஞ்சை வரவில்லை.

கணுவின் ஓரத்தில் பச்சையாக மூக்கை நீட்டியது முளை. அடுத்த பாட்டிலிலும் முளை. கணவன் வந்து, மூச்சு விட்டால் கெட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தான். ஆபீஸ் பேச்சு அதோடு ஒழிந்தது. அண்ணன் முகத்தில் கரியைப் பூசிவிட்டேன் என்று தையல்காரம்மாவில் தொடங்கி, பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்தாள்.

திசு வளர்ப்புப் பயிற்சி கொடுத்த மேடத்துக்கும் போன் போட்டாள். அண்ணன் விஷம் அடித்தும் தன் மூங்கில் பிழைத்த கதையை ஒன்று விடாமல் சொன்னாள்.

மேடம் சிரித்துவிட்டார்.

"விஷமா? அது பூஞ்சைக்கு அடிக்கிற மருந்தும்மா. நீங்க அறையைத் துடைச்சீங்க, பாட்டிலைக் கழுவினீங்க. பூஞ்சை தாய்ச்செடியிலேயே இருக்கும்னு வகுப்புல சொன்னதை மறந்துட்டீங்களே. உங்க அண்ணன்தான் லாரியைக் கொண்டு வந்து எங்க வாசல்ல நிறுத்திட்டு, தங்கச்சி பாட்டில் எல்லாம் ஏன் கெட்டுப் போகுதுன்னு கேட்டார். மருந்து அடிச்சு முடிக்கிற வரைக்கும் கிளையை வெட்டக் கூடாதுன்னேன். கேட்டைப் பூட்டிடறேன்னார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்."

"நானும் அதைத்தான் கேட்டேன். 'சொன்னா வீம்புக்கு அந்த மூங்கிலைத் தொடவே மாட்டா. அவ என்மேல கோவமாவே இருக்கட்டும்ங்க, அந்தக் கோவத்துலதான் ஜெயிப்பா'ன்னார்."