கிடாவுக்குப் பிடிக்காத இளவரசன்

ஜன்னலுக்கு வெளியே கட்டிக்கிடந்த கிடாவும், அதன் முதுகில் ஏறி நிற்கும் கோழியும் தினமும் டிவியில் ராஜா காலத்து சீரியல் பார்க்கும்.

அன்றைக்குப் போரில் ஜெயிக்க இளவரசனைப் பலி கேட்டார்கள். "உனக்குச் சம்மதமா?" என்று ராஜா கேட்டதும் அவன் அசையாமல் நின்றான். உள்ளே வீட்டுக்காரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இவனெல்லாம் ஒரு வீரனா?" என்று சீறியது கிடா. "வாயைத் திறக்கத்தான் பயம். தலையை ஆட்டியாவது மாட்டேன்னு சொல்லலாம்ல? மரம் மாதிரி நின்னா வெட்டத்தான் செய்வாங்க."

"பாவம், அவனுக்கு என்ன கஷ்டமோ" என்றது கோழி.

"உனக்கு எல்லாருமே பாவம்தான். நானா இருந்தா நடக்கிறதே வேற."

வெள்ளிக்கிழமை கிடாவுக்கு மாலை போட்டுத் தெருமுனைக் கோயிலுக்கு இழுத்துப் போனார்கள். கோழி மதில்மேல் ஏறிப் பார்த்தது. பூசாரி ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையில் ஊற்றிவிட்டு, அரிவாளோடு அதன் பதிலுக்காகக் காத்திருந்தார். கூட்டம் நெருக்கியடித்து நின்றது.

கிடா சொன்ன சொல் தவறவில்லை. நிமிர்ந்து நின்று, தலையை இடமும் வலமுமாகப் பலமாக ஆட்டியது.

"தலையை ஆட்டிருச்சு! சம்மதம் குடுத்துருச்சு!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது.

முதல் குலவை வீட்டுக்காரியுடையது.