படம் தெளிவாக வந்தது

மரத்தடியில் நின்ற வேனுக்குள் டிவி இரைந்துகொண்டிருந்தது. திரை முழுக்கப் புள்ளி.

"உன் தம்பி மாட்டிவிட்ட ஆன்டெனா! வண்டி எங்க போனாலும் படம் வரும்னு அளந்தானே?"

"இலை மறைச்சா எப்படிங்க வரும்? வண்டிய வெளிய எடுங்க. இந்தச் சண்டைக்குள்ள எல்லைப் பாலம் திறந்திருக்கான்னு தெரியாம எங்க போறது? உங்கப்பாவுக்கு வேற மூச்சு இழுக்குது."

கணவன் வேனை வெட்டவெளிக்கு நகர்த்தினான். கூரையிலிருந்த ஆன்டெனாத் தட்டு தானே சுழன்று செயற்கைக்கோளைப் பிடித்தது.

"மக்கள் வெளியேற எல்லைப் பாலம் திறக்கப்பட்டது" என்றாள் செய்தி வாசிப்பவள்.

"கேட்டீங்களா! கிளம்புங்க, கிளம்புங்க!" மனைவி அழுதேவிட்டாள்.

"ஆளில்லாப் போர்விமானம் இந்த நிமிடம் அனுப்பும் படம் இது. எதிரிகளின் வண்டி மறைவைவிட்டு வெளியே வந்துவிட்டது" என்று அடுத்த செய்திக்குப் போனாள் வாசிப்பவள்.

திரையில் வெறும் வயல். நடுவே ஒரு வேன். அதன் கூரையில் வட்டமாக ஒரு வெள்ளைத் தட்டு.