நீள் சுரத்தின் நடுவில்

வந்திருந்தவர்கள்: ஷாகுஹாச்சி என்னும் மூங்கில் குழலின் இரு பாணிகளுக்குத் தலைவர்களான இனுகாய், ஹிரோபே. வீட்டில் இருந்தவள், அவர்களுடைய இறந்துபோன குருவின் மகள் ஃபுமியே.

"குருவோட பாட்டுல வர்ற அந்த நீளமான சுரத்தை ஒரே மூச்சுல ஊதணும். இவரு சளி பிடிச்சவர் மாதிரி நடுவுல நின்னுடுறாரு. நாப்பது வருஷமா அதையே பாடம்னு சொல்லித் தர்றாரு" என்றார் இனுகாய்.

ஹிரோபே ஃபுமியேயின் பக்கம் திரும்பினார். "உங்கப்பா அங்க நிறுத்துவாரா, மாட்டாரா? நீயே சொல்லும்மா."

இனுகாய் கற்றது அப்பாவுக்கு ஆஸ்துமா வருவதற்கு முன்பு. ஹிரோபே கற்றது வந்த பின்பு.

"நிறுத்துவார்" என்றாள் ஃபுமியே.

இனுகாய் விறுவிறுவென்று கிளம்பிப் போனார். ஹிரோபே வாசலில் நின்று கண்ணைத் துடைத்தார். "அந்த மௌனத்துக்கு என்ன அர்த்தம்னு இன்னமும் தேடிக்கிட்டிருக்கேன்மா."

"தேடுங்க ஐயா" என்றாள். அவர் படி இறங்கியதும் கதவைச் சாத்திப் பூட்டினாள்.