நான்காம் மாடி

ஆற்றோரத் தெருவில் வருடாவருடம் வெள்ளம் புகுந்ததால், மழைக்காலத்தில் தண்ணீருக்கும் மற்ற மாதங்களில் கடைகளுக்கும் என்று கீழ்த்தளத்தை ஒதுக்கி, மேலே அரசு வீடுகள் கட்டினார்கள். குலுக்கலில் ஞானசெல்விக்கு நான்காம் மாடி விழுந்தது. அவள் கணவர் அருள்தாஸுக்கு இரண்டு காலும் விளங்காது. பழைய வீட்டு வாசலில் உட்கார்ந்து மிக்சி பழுது பார்த்தவர்.

“கீழ ஒரு ரூம் குடுங்க சார், அவரால ஏற முடியாது.”

“கீழ யாரும் குடியிருக்கக் கூடாதும்மா. லிஃப்ட் பின்னால வரும்” என்றார் அதிகாரி.

நான்கு பேர் அவரை நாற்காலியோடு மேலே தூக்கிப்போய் வைத்தார்கள். மூன்று வருடமாகியும் லிஃப்ட் வரவில்லை. அவர் இறங்கவுமில்லை.

இந்த ஐப்பசியில் கீழே தண்ணீர் நிறைந்தது. ஜன்னலோரம் இருந்தவர், “எப்ப வடியும்?” என்றார்.

“பத்து நாள்ல வடிஞ்சிடும்.”

“வடிஞ்சதும் கீழ கடையெல்லாம் திறந்துடுவாங்க, இல்ல?”

“ஆமா.”

“ஜன்னலச் சாத்திடு, செல்வி.”