நான்காவது முகம்

ரோமப் பேரரசின் எல்லைப் பட்டணத்துக்கு அந்த வருடத்தில் இது நான்காவது பேரரசர். ஒருவர் கொல்லப்பட்டதும் சதுக்கத்துச் சிலையில் அவர் முகத்தைச் சீவி, அடுத்தவர் முகமாக்குவது சிற்பி பசிலஸின் வேலை. புதுக் கல் வந்து சேர்வதற்குள் பேரரசரே மாறிவிடுவார். இரண்டாள் உயர உடம்பின்மேல் தலை இப்போது தேங்காய் அளவுக்குத் தேய்ந்திருந்தது.

“இன்னும் சீவினா மூக்கு நிக்காது, ஐயா,” என்றான் பசிலஸ், சாரத்தில் நின்றபடி.

“பழைய மூஞ்சி இருந்தா நம்ம தலையே நிக்காது. படை கோட்டை வாசலுக்கு வந்தாச்சு,” என்று கீழிருந்து கத்தினான் காவல் தலைவன்.

பசிலஸ் மூச்சைப் பிடித்துக்கொண்டு கடைசி இமையைக் கீறி முடித்தபோது குளம்பொலி சதுக்கத்தில் வந்து நின்றது. காவல் தலைவன் மண்டியிட்டான். புதிய பேரரசர் குதிரையிலிருந்து இறங்கி, யாரையும் பார்க்காமல் சாரத்தில் ஏறினார். தன் சின்னஞ்சிறு முகத்துக்கு நேரே நின்று, கல் கன்னத்தைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினார். பிறகு பசிலஸின் காதருகே குனிந்து, கீழே நின்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

“அடுத்தவனுக்கு இதுல கல் மிச்சம் இருக்கா?”