வெர்ஜில் டாக்கெட்டின் கடைசி ஆல்பம்

"காப்பியடிக்காதே தம்பி. அதை மட்டும் என்னால சகிக்க முடியாது."

டார்லீன் ஹெட்போனைக் கழற்றி மேசை மேல் வைத்தாள். நாஷ்வில்லில் அவளுடைய இசைத்தட்டுக் கம்பெனி எடுத்துக்கொண்ட எந்தப் பாடகனும் சோடை போனதில்லை. எதிரே கிடாரோடு நின்ற வெஸ்லிக்கு இதுதான் கடைசி வாசல். மற்ற கம்பெனிகள் எல்லாம் கையை விரித்துவிட்டன.

"நான் யாரையும் காப்பியடிக்கலை மேடம். என் தொண்டையே இப்படித்தான்."

"கதை விடாதே! பல்லவி முடியுற இடத்துல குரல் லேசா உடையுதே, அது யாரோடது? உங்கப்பாவோட கடைசி ஆல்பத்துல அப்படியே இருக்கு. அதைக் கேட்டு நான் எத்தனை தடவை அழுதிருப்பேன் தெரியுமா?"

ஓரத்து நாற்காலியில் அப்பா வெர்ஜில் டாக்கெட், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டென்னஸி மாநிலத்தில் அவர் பாட்டு ஒலிக்காத லாரி கிடையாது. அந்த ஆல்பத்தை முடித்த கையோடு தொண்டையில் ஆபரேஷன் நடந்ததாகப் பத்திரிகைகள் எழுதியிருந்தன. கழுத்தில் துணி சுற்றியிருந்தார். பேசவே கூடாது என்று டாக்டர் உத்தரவு. ஆல்பத்துக்காக வரும் சனிக்கிழமை அவருக்குப் பெரிய விருது தரப்போகிறார்கள்.

"இவ்வளவு நாளா என்ன பண்ணிட்டிருந்தே?" என்றாள் டார்லீன்.

"பகல்ல கூரை போடுற வேலை. சாயங்காலம் டிராக் பாடுவேன் மேடம். பெரிய பாடகர்கள் கேட்டுப் பழகிக்க நான் முதல்ல பாடி வைப்பேன். அப்புறம் அவங்க வந்து பாடுவாங்க, என்னோடதை அழிச்சுடுவாங்க."

"அதான் பார்த்தேன்! அடுத்தவங்க சட்டையைப் போட்டே பழகிட்டே."

வெர்ஜில் நாற்காலியில் நெளிந்தார். எதையோ சொல்ல வாயெடுத்தார்.

"அப்பா, வேண்டாம்" என்றான் வெஸ்லி அவசரமாக.

"பாரு, உங்கப்பாவுக்கே பொறுக்கலை. நாட்டுக்கு ஒரு வெர்ஜில் டாக்கெட் போதும் தம்பி. நீ பேசாம கூரை வேலையையே பாரு."

வெஸ்லி கிடாரைப் பெட்டிக்குள் வைத்து மூடினான். கண் கலங்கிவிட்டது, பாவம். சின்ன வயதிலிருந்து அவன் ஆசைப்பட்டது இது ஒன்றுக்குத்தான். அதற்கு இப்படி ஒரு முடிவா! பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். அப்பா பக்கம் திரும்பினான்.

"வாங்கப்பா, போலாம். சனிக்கிழமை விழாவுக்கு டெய்லர்கிட்ட உங்க கோட்டை வாங்கிட்டு வரணும்."

வெர்ஜில் எழுந்திருக்கவில்லை. கழுத்துத் துணியை மெதுவாக அவிழ்த்தார். கிழிந்த துருத்தியிலிருந்து வருவது போல, காற்றும் கரகரப்புமாக ஒரு சத்தம் வந்தது.

"டார்லீன்..."

"ஐயோ சார், பேசாதீங்க! டாக்டர் திட்டப் போறார்!"

"திட்டட்டும். கோட்டு வேண்டாம்டா வெஸ்லி. விருதும் வேண்டாம்." மூச்சு வாங்கிக்கொண்டார். "ஆபரேஷன் முடிஞ்சு குரல் திரும்பினதும் பாடிக்கலாம்னுதான் அந்த ஆல்பத்துக்கு இவனை டிராக் பாடி வைக்கச் சொன்னேன். குரல் திரும்பவே இல்லை, டிராக்கை அழிக்காம அப்படியே என் பேர்ல வெளியிட்டுட்டேன். நீ கேட்டுக் கேட்டு அழுதது என் குரலை இல்லம்மா... இவனோடதை."